பத்தர் கடைச் சீசா

கே.ஜி.கண்டிகைக் கண்ணையன் திருத்தணியில் ஒரு நகைப் பத்தரிடம் உலை ஊதிப் பிழைத்தவன். 1947, மதுவிலக்குக் காலம். இனிக் குடிப்பதில்லை என்று மனைவி மணியம்மைக்கு மலைமேல் முருகன் சந்நிதியில் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். ஒரு மத்தியானம் பத்தர் சாப்பிடப் போயிருந்தபோது, அலமாரிக்குப் பின்னால் ஒரு சீசா அவன் கண்ணில் பட்டது. சாராயம் என்று நினைத்து ஒரு மடக்கு விழுங்கினான். அது நகைக்கு அழுக்கெடுக்கும் திராவகம்.

வாயும் நெஞ்சும் வெந்து வீட்டில் வந்து விழுந்தவனிடம், "இன்னாடா குடிச்ச?" என்று பதறினான் அண்ணன் கஜபதி.

சத்தியம் தவறியதைச் சொல்லக் கூசியது. "வயித்து வலிக்கு அவ குடுத்த கஷாயம்" என்று மனைவியைக் கைகாட்டிவிட்டான்.

மணியம்மை வாய் திறக்கவில்லை. புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்று அவளுக்குப் பேராயிற்று. கிணற்றடியில் அவளைக் கண்டால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

வாய்ப்புண் ஆறியது. ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. எலும்பும் தோலுமாகிப் போனவனை மணியம்மைதான் ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

படம் பிடித்துப் பார்த்த டாக்டர், "இரைப்பையோட கீழ்வாய் வெந்து சுருங்கிடுச்சு. சாப்பாடு இறங்க வழியில்லை. குடலை இரைப்பையோட சேத்துத் தெச்சு வேற வழி பண்ணணும்" என்றார். பிறகு, "கஷாயம் குடிச்சா இப்படி ஆகாது. என்ன குடிச்சே?" என்று கேட்டார்.

மணியம்மை பக்கத்தில்தான் நின்றாள். கண்ணையன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் அவள் ஊட்டிய கஞ்சி உள்ளே தங்கியது. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "பத்தரு அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு மாமா. சீசா கொறஞ்சிருந்துச்சாம்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். மூச்சு முட்டியபோதும் எடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் தையல் இழுக்க இழுக்கக் கிணற்றடிக்கு நடந்தான். அண்ணனையும் வரச்சொல்லி, அத்தனை பெண்கள் முன்னாலும் நடந்ததைச் சொன்னான். ஒருத்தி சிரித்துவிட்டாள். கஜபதி, "தூ!" என்று துப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் கிணற்றடியில் மணியம்மைக்கென்று எல்லாரும் இடம்விட்டு நின்றார்கள். அவள் வரவில்லை. குடத்தோடு அரை மைல் தள்ளி ஏரிக்குப் போனாள். அதற்குப்பின் அந்தக் கிணற்றில் அவள் தண்ணீர் எடுக்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு உடம்பு தேறிய கண்ணையன், "கெணத்துக்குப் போயேன்" என்று ஒருநாளும் அவளிடம் சொல்லத் துணியவில்லை.