பூப்போட்ட பையில் மூன்று வாள்

கொக்கு என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் சோஃபா பட்டறையில் அவளோடு தைத்தவர்கள். உயரம் மட்டும் காரணமில்லை. ரெக்சினை மேசையில் விரித்துப் போட்டு, கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வெட்டுவது என்று அசையாமல் நிற்பாள். மற்றவர்கள் டீ குடித்து, கதை பேசி, திரும்பி வந்து பார்த்தாலும் அப்படியே நிற்பாள். பிறகு ஒரே வெட்டு, ஒரு விரல்கடை துணிகூட வீணாகாது. "மீன் மாட்டிக்கிச்சு" என்பார் முதலாளி. வாள்வீச்சுக் களத்திலும் அவள் அப்படித்தான் நிற்பாள் என்பது பட்டறையில் யாருக்கும் தெரியாது. அந்த ஆட்டத்தை யார் போய்ப் பார்த்தார்கள்?

அவள் ஆடுவது எப்பே என்கிற வகை. உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே குத்தினாலும் புள்ளி; பதினைந்து புள்ளியை முதலில் தொட்டவர் ஜெயித்தவர். வாள் நுனியில் ஒரு பொத்தான் இருக்கும். அதிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கம்பி வாளின் பள்ளத்தோடு ஓடிவந்து, சட்டைக்குள் போகிற ஒயரோடு சேர்ந்து, ஓரத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகும். நுனி அழுந்தினால் விளக்கு எரியும். கம்பி அறுந்துவிட்டால் எதிராளியின் நெஞ்சிலேயே குத்தினாலும் விளக்கும் எரியாது, புள்ளியும் கிடையாது. அதனால்தான் ஆளுக்கு இரண்டு வாளோடு களத்துக்கு வர வேண்டும் என்று சட்டம். ஒன்றோடு வந்தால் மஞ்சள் அட்டை. மஞ்சள் வாங்கியவருக்கு அப்புறம் அந்த ஒன்றும் பழுதானால் சிவப்பு அட்டை. எதிராளிக்கு ஒரு புள்ளி இனாம்.

இரண்டு வாளுக்கு எங்கே போவது என்று சட்டம் எழுதியவர்கள் சொல்லவில்லை.

கொக்கு இதுவரை இரண்டு முறை நாட்டு அணிக்குத் தேர்வானவள். இரண்டு முறையும் போகவில்லை. வாள்வீச்சுச் சங்கத்தின் வழக்கம் அப்படி: தேர்வுப் போட்டியில் முதல் நான்கு பேருக்கு வெளிநாட்டுப் பயணச் செலவைச் சங்கமே கொடுக்கும். ஐந்திலிருந்து எட்டு வரை வந்தவர்களுக்குப் பாராட்டுக் கடிதம் வரும். கடைசி வரியில், செலவு தங்களுடையது என்று இருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சோறு மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்பது மாதிரி. முதல் தடவை கடிதம் வந்தபோது வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை அவள் புருஷன் ஓட்டும் வேனுக்கு எஞ்சின் போய்விட்டது. இரண்டு கடிதங்களையும் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

புருஷன் கெட்டவனில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். "ஊருல எல்லாரும் அடிச்சா காசு, இல்ல அடி வாங்கினா காசு. நீ ஒருத்திதான் காசு கொடுத்து அடி வாங்கிட்டு வர்றே" என்பான். சொல்லிவிட்டு, அவள் தொடையில் நீலமாகக் கன்றிய இடத்துக்கு மருந்து தேய்ப்பதும் அவன்தான். இந்த வருஷம் கிளம்பும்போது அவள் அவனிடம் ஒன்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான்குக்குள் வந்தால் பறப்பேன். வராவிட்டால் மூன்றாவது கடிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு, வாளை விற்றுவிட்டு, பட்டறையோடு இருந்துவிடுவேன். அதற்கு அவன் ஒரு கேலியும் செய்யாமல் அவளுக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளோடு கிளம்பியவள், அவள் ஆடும் கிளப்பிலேயே ஆடும் மருந்துக்கடைப் பெண். ஆள் சின்னது, வேகம் அதிகம், கசப்பாகவும் பேசுவாள். எல்லாம் சேர்த்து மாத்திரை என்று பெயர். பயிற்சி கொடுக்கும் மாஸ்டருக்கு டிக்கெட் போட வழியில்லாததால் அவர் ஊரிலேயே நின்றுகொண்டார். தேர்வு நடக்கும் நகரம் வெகு தூரம். பேருந்தில் நீளப் பைக்கு ஓர் ஆள் கட்டணம் கேட்பார்கள். இரண்டு பை என்றால் இரண்டு ஆள். பைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போவதில்லை என்று எவ்வளவு வாதாடினாலும் நடத்துனர்கள் மசிவதில்லை.

எனவே ஒரே பை. கொக்குவே தைத்தது. யாரோ பணக்காரர் வீட்டு சோஃபாவுக்கு வெட்டியதில் மிஞ்சிய துணி. சிவப்பு ரோஜாக்கள் ஒவ்வொன்றும் தட்டு அகலம். அதற்குள் மூன்று வாள். கொக்கு இடக்கை ஆட்டக்காரி. விரல் பதியும் பிடி போட்ட அவள் வாளை மாத்திரையால் பிடிக்க முடியாது. மாத்திரையின் வலக்கை வாள் கொக்குக்கு ஆகாது. மூன்றாவதற்கு மட்டும் நேர்ப்பிடி, தடிக்கம்பு மாதிரி. எந்தக் கைக்கும் பொருந்தும், எந்தக் கைக்கும் பிடிக்காது. அது பொது. ஒருத்தி களத்தில் இருக்கும்போது இன்னொருத்தி வெளியில்தானே இருப்பாள், கை மாற்றிக்கொண்டால் ஆயிற்று என்பது கணக்கு. வருஷக்கணக்காக அந்தக் கணக்கு தப்பியதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கிற நாள் ஒன்று வரும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கிளப்பில் தினமும் மோதிக்கொள்கிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு மறதி வரும்.

பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் பைக்குள் என்ன என்று கேட்டார். வாள் என்று சொல்லிப் போன தடவை போலீஸ் சோதனை வரைக்கும் போன அனுபவம் இருந்ததால், தூண்டில் என்றாள் மாத்திரை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மனிதர் மீன்பிடிப் பைத்தியம். என்ன இரை போடுகிறீர்கள், என்ன முள், ஆறா குளமா என்று வழி நெடுகப் பிடித்துக்கொண்டார். மாத்திரை கண்ணால் உதவி கேட்க, கொக்கு தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கும்போது அவர், பொறுமைதாம்மா இரை, மற்றதெல்லாம் சும்மா என்று உபதேசம் செய்துவிட்டுப் போனார். "பொறுமைக்கு என்ன விலைன்னு கேக்க மறந்துட்டேன்" என்றாள் மாத்திரை.

போட்டியில் இரண்டு பேரும் நன்றாகவே ஆடினார்கள். நேர்ப்பிடி வாள் கைக்குக் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி எட்டுப் பேர் ஆனதும் அடுத்த சுற்றுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். மாத்திரை முதலில் போய்ப் பார்த்தாள். திரும்பி வரும்போது அவள் நடை மாறியிருந்தது. "அக்கா, நம்மளையே நம்மகூட போட்டுட்டாங்க."

ஜெயிப்பவள் நான்குக்குள். தோற்பவளுக்குக் கடிதம்.

கொக்கு மாஸ்டருக்கு போன் போட்டாள். அவர் பட்டியலை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "யாருக்குன்னு நான் புத்தி சொல்றது? ரெண்டு பேரும் தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் வாள் ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கு நான்கு வேண்டும், இருப்பதோ மூன்று. இரவல் கேட்கலாம் என்றால், தோற்றவர்கள் எல்லாம் தங்கும் செலவுக்குப் பயந்து அப்போதே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடியிருந்தார்கள். காலையில் சோதித்து முத்திரை குத்திய வாள்தான் செல்லும். மிச்சம் இருந்த ஆறு பேரும் தங்கள் வாளைத் தங்கள் மடியிலேயே வைத்திருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

நேர்ப்பிடி வாள் பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கொக்குக்கு அதை எடுக்க வேண்டும் என்று கை அரித்தது. மூத்தவள் கேட்டால் சின்னவள் மறுக்க மாட்டாள். அதற்காகவேதான் கேட்கக் கூடாது என்றும் பட்டது. ரெக்சின் முன்னால் நிற்பது மாதிரி நின்றாள்.

"நீ எடுத்துக்கோ. உன் வாள் காலையிலயே ரெண்டு தடவை மக்கர் பண்ணிச்சு. என்னுது கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

கல்லு மாதிரிதான் இருந்தது, பதிமூன்றுக்குப் பதிமூன்று வரைக்கும். ஒற்றை வாளோடு வந்ததற்கு ஆரம்பத்திலேயே மஞ்சள் அட்டை வாங்கியிருந்தாள். ஆட்டம் கயிறு இழுப்பது மாதிரி போனது. ஒருத்தியின் ஒவ்வொரு தந்திரமும் இன்னொருத்திக்குப் பழைய சங்கதி. பதிமூன்றில் கொக்கு எட்டிக் குத்தினாள். மாத்திரையின் முழங்கையில் வாள் வில்லாக வளைந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பெட்டி மட்டும் பார்க்கவில்லை. விளக்கு எரியவில்லை.

நடுவர் வாளை வாங்கி நுனியை அழுத்திப் பார்த்தார். கம்பி அறுந்திருந்தது. சிவப்பு அட்டை. பதினான்கு மாத்திரைக்கு, பதிமூன்று கொக்குக்கு. வேறு வாள் எங்கே என்று கேட்டார்.  வேறு வாள் இல்லை என்று சொன்னால் ஆட்டம் அதோடு முடியும். பீரோவில் புடவைக்கு அடியில் இன்னும் ஒரு காகிதத்துக்கு இடம் இருக்கிறது.

அதற்குள் மாத்திரை தன் பக்கத்துக் கோடியிலிருந்த நேர்ப்பிடி வாளை எடுத்து, பிடியை முன்னால் நீட்டிக்கொண்டு நடுக்களத்துக்கு வந்துவிட்டாள். இதைக் கொடுத்தால் உன்னிடமும் ஒன்றுதான் மிஞ்சும், அது பழுதானால் உனக்கும் இதே கதிதான் என்று நடுவர் எச்சரித்தார்.

"தெரியும் சார். இதுல பாதி அவங்களோடது" என்றாள். பிறகு முகமூடிக்குள்ளிருந்து மெதுவாக, "என்னைக் குத்தி ஜெயிங்க, இல்ல குத்து வாங்கித் தோத்துப் போங்க. ஒயரு அறுந்து நான் ஜெயிச்சேன்னு ஊருல சொல்ல முடியாதுக்கா."

கொக்கு வாளை வாங்கினாள். எந்தக் கைக்கும் பிடிக்காத வாள். எதிராளியின் வாளைத் தட்டிவிட அதில் பலம் வராது. ஆனால் ஒரு வசதி உண்டு: பிடியின் அடிக்கோடியில் பிடித்தால் சில விரல்கடை நீளம் கூடும். கோடியில் பிடித்தாள். கொக்குக்கு அலகு நீண்டது.

இனி தட்ட முடியாது, துரத்த முடியாது. இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஆளுக்கொரு புள்ளி; அப்படி எரிந்தால்கூட மாத்திரைக்குப் பதினைந்து ஆகிவிடும். நிற்க மட்டும்தான் முடியும். நின்றாள். மாத்திரை முன்னே வந்தாள், பின்னே போனாள், காலைத் தரையில் தட்டிப் பயம் காட்டினாள். கொக்கு இமைக்கவில்லை. பொறுமை இழந்து சின்னவள் பாய்ந்த நொடியில் நுனி அவள் மணிக்கட்டில் இருந்தது. ஒற்றை விளக்கு. பதினான்குக்குப் பதினான்கு.

அடுத்ததில் இரண்டு விளக்கும் எரிந்தன. இரண்டு பேரும் பதினான்கில் நிற்கும்போது அது கணக்கில் சேராது என்பது சட்டம். மறுபடி நின்றார்கள். மணிக்கட்டில் ஒரு முறை சூடுபட்ட மாத்திரை, இந்த முறை கையை உயர்த்திக் காத்துக்கொண்டே வந்தாள். அக்காவின் கண்ணையும் தோளையும் பார்த்தாள். தன் காலைப் பார்க்கவில்லை. கொக்கு குனிந்தது. முன்னங்காலின் பெருவிரலில், குளத்தில் மீன் எடுப்பது மாதிரி, ஒரே கொத்து.

கொக்குவின் விளக்கு மட்டும் எரிந்தது. கொக்கு கத்தவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை மட்டும் முகமூடியைக் கழற்ற வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். கழற்றியபோது கண் சிவந்திருந்தது, வாய் பழைய வாயாகவே இருந்தது. "கடைசியில போயும் போயும் கால் விரல்ல. மருந்துக்கடையில நாளெல்லாம் நிக்கிற காலு, கொஞ்சம் இரக்கம் இருக்கா உங்களுக்கு?"

அரையிறுதியில் கொக்கு தோற்றாள். நல்ல தோல்விதான், பதக்கத்தோடு வந்த தோல்வி. சங்கத்துக்காரர் அவள் பாஸ்போர்ட் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பயணத்துக்கு வேறு ஒருவர் டிக்கெட் வாங்கப் போகிறார். மாத்திரையின் கையில் கடிதம். கடைசி வரிக்கு அவள் வரும்முன்பே கொக்குக்கு அது மனப்பாடம். கடிதத்தைப் பிடுங்கி மடித்து பைக்குள் போட்டாள். "இதை பீரோவில வைக்க விடமாட்டேன். பாதிப் பையை காலியா எடுத்துட்டுப் போனா எனக்குத்தான் அசிங்கம்."

ஊரில் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் முன்பு ஒரு தடவை, கடை வாசலில் வாள்சண்டை போட்டுக் கூட்டம் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். நாங்கள் என்ன வித்தை காட்டுகிறவர்களா என்று மாத்திரை அன்றைக்கு அவரைக் கடித்துத் துப்பியிருந்தாள். இப்போது டிக்கெட் காசுக்காக அவளே போய் நின்றாள். குக்கர் அடுக்குக்கும் தோசைக்கல் அடுக்குக்கும் நடுவில், வெள்ளை உடையில் இரண்டு பேரும் வாரக்கடைசிதோறும் மோதினார்கள். யார் புள்ளி எடுத்தாலும் வாங்குகிறவருக்கு ஒரு கரண்டி இலவசம். கொக்குவின் புருஷன் வேனை விளக்குப் பெட்டி வைக்க மேசையாக்கிக் கொடுத்ததோடு, ஒலிபெருக்கியையும் பிடித்துக்கொண்டான். நீள வாய்க்கு அன்றுதான் வேலை கிடைத்தது. பட்டறை முதலாளி முதன்முறையாக ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் இதைச் சொல்லாமல் ஏன் மறைத்தாய் என்று கோபித்துக்கொண்டு, தன் பங்குக்கும் பணம் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் விடுப்பையும் கொடுத்து, காயத்துக்குக் களிம்பையும் கொடுத்தார். டிக்கெட் போக மிஞ்சியதில் அறுந்த கம்பியை மாற்றி, இன்னொரு வாளும் வாங்கினார்கள்.

விமான நிலையத்தில் இரண்டு பேரும் தடித்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வியர்வை ஆறாக ஓட வரிசையில் நின்றார்கள். சட்டை உடம்பில் இருந்தால் பையின் எடை குறையும். கையுறைகள் பாக்கெட்டில். முகமூடிகள் ஆளுக்கொன்று தோளில் தொங்கின. ரோஜாப்பூப் பையைத் தராசில் ஏற்றியதும் எண் ஓடி, தயங்கி, எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து புருஷன் கட்டைவிரலை உயர்த்தினான்.

கவுன்டர்காரர் பூக்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார். மாத்திரை வாயைத் திறந்தாள். தூண்டில் வருவதற்குள் கொக்கு முந்திக்கொண்டாள்.

"வாள். நாலு இருக்கு. ஆளுக்கு ரெண்டு."