துடைத்தாலும் போகாத துளி

ஈரப் பசையின் புளிப்பு வாசனை... தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் ஃபேன்... மேசை முழுக்கக் கல்யாணப் பத்திரிகை.

தி.நகரில் ஒரு மாடி அறையில் நானும் ரோஸியும் கையால் கார்டு செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. ரோஸி என் காலேஜ் தோழி, பட்டினப்பாக்கத்துப் பெண். அவள் வெட்டி ஒட்டுவாள், நான் வரைவேன். முதல் பெரிய ஆர்டர் மயிலாப்பூர் மாமா ஒருவருடைய பெண்ணின் கல்யாணம்.

"இந்த ஒரு ஆர்டர் சரியா வரலேன்னா, நான் சொல்ற ஆபீஸ்ல சேரணும்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

முகப்பில் தாமரை இலை, அதன்மேல் தண்ணீர்த் துளிகள். அதுதான் என் வித்தை! துளியின் ஒரு பக்கம் கரும்பச்சை நிழல், எதிர்ப்பக்கம் வெளிச்சம். மேலே பல்குச்சி நுனியால் ஒரு சொட்டுப் பசை. வைக்கும்போது பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் கண்ணாடி. கடைசியில் வெள்ளையில் ஒரு புள்ளி... நிஜத் துளி தோற்றுப்போகும்.

ஆனால் அது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டதும் சொட்டு உள்ளே காயவே இல்லை.

"இன்னாடி இது, தொட்டா கையோட வருது" என்றாள் ரோஸி.

எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். கடைக்காரர் பசையில் தண்ணீர் கலந்துவிட்டாரோ... கரண்ட் பில்லுக்குப் பயந்து ரோஸி ஃபேனை நிறுத்திவிட்டுப் போகிறாளோ...

வாங்க வேண்டிய நாளுக்கு முன்தினமே மாமா வந்து நின்றார். என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைமேல் குனிந்து பத்திரிகையை மோந்துகூடப் பார்த்தார்.

"ஏம்மா, தாமரை இலைல ஜலமா? ஒட்டாம இருக்கறவாளைன்னா அப்படிச் சொல்லுவா! என் பொண்ணு ஆத்துக்காரரோட ஒட்டாம இருக்கணும்னு ஊரெல்லாம் பத்திரிகை வைக்கணுமா?"

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் வரைந்தேன். அந்த ஆபீஸ் நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

ரோஸிதான் வாயைத் திறந்தாள். "ஒட்டிக்கினு கீது மாமா! உருண்டு ஓடுற தண்ணி இல்ல இது. நீங்களே தொடச்சிப் பாருங்க."

அடிப்பாவி! மேசைமேல் இருந்ததெல்லாம் நேற்று சொட்டு வைத்தது. மேலே பளபளப்பு, உள்ளே பிசுபிசுப்பு.

மாமா கையை நீட்டினார். நிறுத்தினார். கண்ணை இடுக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதிர்க்க வெச்சிருக்கறதை நன்னாத்தான் பண்ணியிருப்பேள்... அலமாரில அடித்தட்டுல இருக்கே, அதை எடு."

அடித்தட்டில் இருந்தவை மழைக்கு முன்னால், முதலில் செய்தவை. கல்லாகக் காய்ந்தவை.

கட்டைவிரலால் தேய்த்தார். வேஷ்டி நுனியால் துடைத்தார். நகத்தால் சுரண்டினார். துளி அசையவில்லை.

"அட... எல்லாமே இப்படித்தானே?"

"எல்லாமே இப்படித்தான் மாமா" என்றாள் ரோஸி, கண்ணைச் சிமிட்டாமல். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் படி இறங்கியதும் ஹேர் டிரையரை எடுத்தவள்தான் ரோஸி, மறுநாள் அவர் வரும்வரை கீழே வைக்கவில்லை. பத்திரிகை வைத்த வீடுகளில் எல்லாம் முதலில் முந்தானையால் துடைத்தார்களாம், மாமாவே சொல்லிச் சிரித்தார். நான் ஆபீஸில் சேரவில்லை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ். மாமாவின் அந்தப் பெண்ணுடைய மகளுக்குக் கல்யாணம்! தாமரை இலை, துளிகள்... அதுவும் நிஜமாகவே உருண்டு ஓடுகின்றன, சலசலவென்று சத்தம் வேறு. என்னால் இப்படி ஒருநாளும் செய்ய முடிந்ததில்லை.

மாமா இப்போது இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, அதைத்தான் நான் செய்தேன்... கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன்.

இலை, துளி எல்லாம் விரலோடு வழுக்கிக்கொண்டு போய், அடுத்த பக்கம் வந்து நின்றது.