விளக்கு வைத்த படம்

போன கிழமையும் ஒரு மின்னஞ்சல் வந்தது. மலைகளுக்கு நடுவே ஒரு பழைய வீடு, தனி அறை, நல்ல வெளிச்சம் விழும் பெரிய மேசை, மூன்று நேரச் சாப்பாடு. போர் கண்ட நாடுகளின் கலைஞர்கள் விண்ணப்பிக்கலாமாம். கொழும்பில் இருக்கும் தோழி அனுப்பியிருந்தாள். "உனக்கென்றே செய்த மாதிரி இருக்கு, போட்டுப் பார்" என்று வேறு எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. ஒருமுறை போய் வந்ததே போதும்.

நான் முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் செத்தவர்களின் முகங்களை வரைகிறேன். செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்குள் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். முல்லைத்தீவில் ஸ்ரூடியோக்காரர் கொம்பியூட்டரில் பெருப்பித்துத் தருவார்தான். ஆனால் எங்கள் சனத்திடம் பெருப்பிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தால்தானே? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மழையில் நனைந்து, மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லாத அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். "வாய் அப்பிடியே தாயின்ர வாய்" என்று சொல்லித் தாயையும் கூட்டிவருவார்கள். நான் தாயைப் பார்த்து மகனின் வாயை வரைவேன்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். செத்தவர் என்றால் படத்துக்கு மாலை, கீழே பிறந்த திகதியும் இறந்த திகதியும், முன்னால் விளக்கு. காணாமல் போனவர் என்றால் வெறும் படம் மட்டும்தான். பூ வைக்கக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது. வைத்தால் நாங்களே அவரைச் சாகக் கொடுத்த மாதிரி. ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் படத்துக்கு முன்னால் விளக்கு இருக்கிறதா என்றுதான் என் கண் தேடும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் என்ன கதைக்கலாம் என்று தெரியும்.

கலைஞர்களைக் கூப்பிட்டுத் தங்கவைக்கிற இந்த ரெசிடென்சிகளுக்கு நான் பலமுறை விண்ணப்பித்துக் களைத்திருந்தேன். குளக்கட்டு மருதமரங்களின் வேர்களை வரையப்போகிறேன் என்று எழுதுவேன். எனக்கு அந்த வேர்களில் அப்படியொரு பைத்தியம். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதில் வரும். தோழிதான் ஒருநாள் பொறுமை இழந்து, "உன்ர மரத்தை ஆருக்கு வேணும்? செத்தவையின்ர படம் கீறுறாய், அதை எழுது" என்றாள். எழுதினேன். உடனே எடுபட்டது. சந்தோசமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. வேரைக் கேட்காதவர்கள் பிணத்தைக் கேட்கிறார்களே என்று கோபமும் வந்தது. ஆனாலும் போகத்தான் ஆசைப்பட்டேன்.

ஊரில் கதை வேறு மாதிரி. இரண்டு மாதம் இருந்து படம் வரையச் சாப்பாடும் போட்டு அறையும் கொடுப்பார்கள் என்று ஒருவரும் நம்பவில்லை. "போனால் அங்கயே நிண்டிடுங்கோ டீச்சர், வந்து மினக்கெடாதேங்கோ" என்று கடைக்காரர் பகிடி விட்டார். பக்கத்து வளவு மாமி மட்டும் பகிடி விடவில்லை. சொந்த மாமி இல்லை. மீள்குடியேறி வந்த நாளிலிருந்து என்னைப் பிள்ளை என்று கூப்பிடுகிறவர். அவருடைய ஒரே மகன் கடைசிச் சண்டையில் சனநெரிசலுக்குள் கை நழுவிக் காணாமல் போனவன். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சுவரில் அவனுடைய படம் இருக்கிறது, வெறும் படமாக.

மாமி அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"அந்த நாட்டில எங்கட சனம் நிறைய இருக்கினமாம் பிள்ளை. பேரை மாத்திக்கொண்டு இருந்தாலும் இருப்பான். பெரிசாக் கீறி எல்லாரும் பார்க்கிற இடத்தில வையுங்கோ. ஆராவது கண்டவை எண்டால் சொல்லுவினம்தானே?"

"ஓம் மாமி, வைக்கிறன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அது ஒரு குளிர்நாடு. ஏரிக்கரையில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றைக் கலைஞர்களுக்காகத் திருத்தியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் எனக்கு அங்கே சொர்க்கம்தான். யாரும் என்னிடம் தேத்தண்ணி கேட்கவில்லை. பக்கத்து அறைக்காரர் கற்களை அடுக்குவார், படம் எடுப்பார், பிறகு கலைத்துவிடுவார். அதற்கும் அங்கே மரியாதை இருந்தது. காலையில் என் ஆசைக்கு மருதமர வேர்களை வரைந்தேன். பின்னேரத்தில் மாமியின் மகனை என் உயரத்துக்குக் கரித்துண்டால் வரைந்தேன். அவ்வளவு பெரிய முகத்தை அதற்கு முன் நான் வரைந்ததில்லை. நெற்றியில் சின்னத் தழும்பு, ஒருபக்கம் கொஞ்சம் கூட ஏறுகிற சிரிப்பு. வரைய வரைய, இவன் எங்கோ இருக்கிறான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக் கோயிலுக்குப் போய் மாமி தந்த படத்தைக் காட்டினேன். பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சிலர் தாங்கள் தேடுகிறவரின் படத்தை எடுத்து எனக்குக் காட்டினார்கள்.

கடைசிக் கிழமை, வரைந்ததை ஊராருக்குக் காட்டும் நாள் வந்தது. கோயிலில் கண்டவர்களையும் கூப்பிட்டிருந்தேன். அவர்களில் யாராவது அவனை அடையாளம் காணமாட்டார்களா என்பதுதான் எனக்கிருந்த ஒரே எண்ணம். வருகிறவர்களுக்குக் கொடுக்க நான் குசினியில் நின்று றோல்ஸ் பொரித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தேன். என் மரங்களைக் கழிவறைக்குப் போகும் நடையில் மாட்டியிருந்தார்கள். அது போகட்டும். மாமியின் மகனின் படத்துக்கு முன்னால் செம்மஞ்சள் பூக்களைப் பரப்பி, நடுவில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

இடத்துக்குப் பொறுப்பான பெண்மணி, நல்ல மனுசி, முகம் மலர ஓடிவந்தார். எங்கள் நாட்டில் இப்படித்தான் மரியாதை செய்வார்கள் என்று இணையத்தில் தேடிப் பார்த்தாராம். எனக்குச் சொல்லாமல் செய்து சந்தோசப்படுத்த நினைத்தாராம். கோயிலில் கண்ட வயதான அம்மா ஒருவர் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். "ஆர் பிள்ளை, தம்பியோ? எப்ப காலமானவர்?" என்று கேட்டார். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். விசயத்தை விளங்கப்படுத்தியபோது அந்தப் பெண்மணி அழுதுவிட்டார். அவரோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் மாமிக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை. ஊரில் இருக்கும் என் அக்காவிடம் கேட்டால், "அவாக்குக் கொஞ்சம் சுகமில்லை. நீ வா, வந்து பார்" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கு வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் மாமி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே பழக்கதோசத்தில் சுவரைப் பார்த்தேன். படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் விளக்கு எரிந்தது.

மாமி என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். அவர் முகத்தில் நான் ஒருநாளும் காணாத ஓர் அமைதி இருந்தது. மெலிந்திருந்தார், ஆனால் நன்றாக நித்திரை கொண்டவரின் முகம். அவரே கதையைத் தொடங்கினார்.

"என்ர தம்பியின்ர மகள் போனில காட்டினவள் பிள்ளை. உங்கட படத்துக்கு முன்னால விளக்கு எரியுது. எனக்கு விளங்கிட்டுது. பிள்ளைக்கு வழக்கம் தெரியும், நிச்சயமாத் தெரியாமல் விளக்கு வைக்கமாட்டா. ஆரோ கண்டவை சொல்லிப்போட்டினம், போனில சொல்ல மனமில்லாமல் வைச்சிருக்கிறா எண்டு நினைச்சன். கடற்கரைக்குப் போய், தம்பியைக் கொண்டு எள்ளுந் தண்ணியும் இறைப்பிச்சனான். இத்தனை வருசமும் அடக்கி வைச்சதெல்லாத்தையும் அழுது தீர்த்தனான். இப்ப சொல்லுங்கோ. ஆர் கண்டவை? எந்த இடத்தில? கஷ்டப்பட்டவனோ?"

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். பொய் ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். கண்டவர் ஒருவரையும் ஒரு இடத்தையும் உண்டாக்கி, ‘கஷ்டப்படவில்லை மாமி’ என்று முடித்துவிடலாம். முகங்களில் இல்லாத வாயை வரைகிறவளுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் வாய் வரவில்லை.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை மாமி. அந்த விளக்கை நான் வைக்கேல்லை. அங்க இருக்கிறவை வடிவுக்கு வைச்சவை. அவைக்கு எங்கட வழக்கம் தெரியாது."

மாமி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கையால் போனது. அவர் என்மீது ஆத்திரப்பட்டிருந்தால், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இருக்கிறான் எண்டுறியளோ?" என்று கேட்டார்.

"தெரியாது மாமி."

"நான் அழுது முடிச்சிட்டன் பிள்ளை" என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல இருந்தது. "இனித் திரும்பவும் முதலிலயிருந்து பார்த்துக்கொண்டிருக்கோணுமோ?"

பக்கத்தில் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தேன். விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. எண்ணெய்ப் போத்தல் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மாமி எழும்பி விளக்கை அணைக்கவும் இல்லை, எண்ணெய் விடவும் இல்லை.