சாமியாரின் மூன்றாவது அடி

இன்பராஜுக்கு ஒரு சாமியாரைக் கண்டால் வயிறு எரிந்தது.

மடத்தில் உட்கார்ந்து பாத பூஜை வாங்கிக்கொள்கிற சாமியார் அல்ல. இவருடைய மொத்த உயரமே இரண்டு அங்குலம். மொட்டைத் தலை, காவித் துணி, கழுத்தில் பெரிய பெரிய மணிகள் கோத்த மாலை. ஆம்பூர் பஜாரில் சத்தியநாதன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரின் திரைகளுக்குள் மட்டும் வாழ்ந்தவர். அங்கே ஆறு மெஷின்களை ஒயரால் இணைத்து, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குமேல், அதாவது சத்தியநாதன் காலை ஆராதனை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கிய பிறகு, ஒரு சண்டை விளையாட்டு ஆடினார்கள். அது 2004.

விளையாட்டின் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'கோட்டை' என்றார்கள். பேய்கள் பிடித்துக்கொண்ட கோட்டையை மீட்க நாலு பேரில் ஒருவராக நாம் இறங்க வேண்டும்: வாள்வீரன், வில்லாளி, சூனியக்காரி, சாமியார். பேய்களை முடித்த பிறகு, மிஞ்சிய இருவர் ஒரு திடலில் ஒருவரோடொருவர் மோத வேண்டும். அங்கே ஜெயித்தவன் பெயர் வாசலுக்கு எதிரே மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் ஏறும். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஜெயித்தவன் தன் பெயரைத் தானே எழுதக்கூடாது. தோற்றவன்தான் எழுத வேண்டும்.

பதினாலு மாதமாக அந்தப் பலகையில் இருந்த பெயர் இன்பராஜ்.

அவன் வாள்வீரன். கோட்டைக்குள் கிடைக்கும் ஒவ்வொரு வாளுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயரும், அதன் குணம் என்னவென்று நாலைந்து வரியும் இருக்கும். அதைப் படித்து, எது நல்ல வாள், எது வெறும் பளபளப்பு என்று பிரிக்க இன்பராஜால் முடிந்தது. பிளஸ் டூ படித்தவன். வாள்வீரனுக்கு இன்னொரு விசேஷம், அடி வாங்க வாங்க அவனுக்குக் கோபம் ஏறும். கோபம் ஏற ஏற வாள் கனக்கும். இன்பராஜுக்கு அது பொருத்தமான ஆள்தான்.

இருபத்தேழு வயதில் அவன் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் இருந்தான். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை, நீலச் சட்டை, மேசைக்கு மேசை ஃபேன். அங்கே வரும் தோல் பதனிடப்பட்டு, சாயம் ஏறி, துணி மாதிரி மடிந்து வரும். அவன் அப்பா சின்னசாமி பார்த்த தோல் வேறு. முப்பத்தொரு வருஷம், ஊரில் 'தோல் ஷாப்' என்று சொல்லும் பதனிடும் கூடத்தில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் வரை நின்று, மயிர் கழன்ற ஈரத்தோலை இழுத்துப் போட்டவர். விரல் இடுக்குகள் வெடித்து, கடைசிவரை சோற்றைக் கரண்டியால் தின்றவர். அவர் செத்த வருஷம் இன்பராஜ் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டினான். அன்றிலிருந்து அவனை யாராவது 'எங்க வேல?' என்று கேட்டால், 'கம்பெனி' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஷூ' என்று அழுத்திச் சொல்வான்.

உரித்தவனைவிட ஊறவைத்தவன் மேல். ஊறவைத்தவனைவிட வெட்டியவன் மேல். வெட்டியவனைவிடக் கணக்கெழுதியவன் மேல். அதைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கிறவன் எல்லோருக்கும் மேல். ஒரே தோலுக்குள் இத்தனை படிக்கட்டு கட்டி வைத்திருக்கிற நாடு இது. இன்பராஜ் அதில் ஒரே ஒரு படி ஏறியவன். அவனுக்கு மேல்படியில் நிற்கிறவனிடம் பயம் இல்லை. கீழ்ப்படியில் நிற்கிறவன் தன்னை அடையாளம் கண்டு கூப்பிட்டுவிடுவானோ என்பதுதான் பயம்.

கூப்பிடுகிறவன் ஆகஸ்டு மாதம் வந்தான்.

"இன்பராஜண்ணா. நீ இங்கதான் குந்தினு இருக்கியா?"

காசிநாதன். அதே காலனி, நாலு வீடு தள்ளி. இருபத்திநாலு வயது. தோல் ஷாப்பில், சின்னசாமி நின்ற அதே மாதிரித் தொட்டியில் வேலை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழையே ஒவ்வொரு எழுத்தாகத்தான் பிடித்துப் படிப்பான். விரல்கள் சுண்ணாம்பில் வெளுத்து, ஓரங்கள் வெடித்திருந்தன.

"ஆடத் தெரியுமாடா உனக்கு?" என்றான் இன்பராஜ்.

"பாத்தா தெரிஞ்சிடும்ண்ணா."

மூன்றாவது மெஷினில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவன் ஷாஜின் நாலு உருவங்களையும் காட்டினான். காசிநாதன் சாமியாரைத் தொட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சென்டரில் சாமியாரை யாரும் எடுத்ததே இல்லை. கத்தி கிடையாது, வில் கிடையாது.

"கையில ஒண்ணுமில்லாத ஆளு. இன்னாத்த வெச்சி அடிப்ப?" என்றான் இன்பராஜ்.

"அதான்ண்ணா வேணும். கத்தின்னா பேரு படிக்கணும். இவருக்கு ஒண்ணும் படிக்கத் தேவல, கை இருக்குது, அது போதும்."

முதல் இரண்டு ஞாயிறு காசிநாதன் செத்துச் செத்து விழுந்தான். மூன்றாவது ஞாயிறு சாமியாரின் சூட்சுமம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. சாமியாருக்கு மூன்று அடி. முதல் இரண்டும் சும்மா தட்டுவது போல. மூன்றாவது அடிக்கு முன்னால் ஒரு மூச்சு விடும் நேரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் கை காற்றில் வீசும். சரியான நேரத்தில் அழுத்தினால் எதிராளி நாலு கஜம் தள்ளிப் போய் விழுவான், சாமியாரைச் சுற்றி மஞ்சளாக ஒரு வெளிச்சம் எழும்பும். எல்லோரும் அவசரப்பட்டார்கள். காசிநாதன் அவசரப்படவில்லை. உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு அழுத்தினான்.

நாலாவது ஞாயிறு திடலில் வாள்வீரனும் சாமியாரும். மூன்றரை நிமிஷத்தில் வாள்வீரன் மண்ணைக் கவ்வினான்.

ஷாஜின் மார்க்கரை எடுத்து இன்பராஜிடம் நீட்டினான். "எழுதுங்கண்ணா."

"மவுஸு ஸ்டக் ஆயிடுச்சி. இது கணக்குல வராது."

அடுத்த வாரம் கரண்ட் குறைச்சல் என்றான். அதற்கடுத்த வாரம் கம்பெனியில் ஓவர்டைம் என்று பாதியில் எழுந்து போனான். தோற்றவன் எழுதாததால் பலகையில் பெயர் மாறவில்லை. இன்பராஜ், இன்பராஜ் என்று அது பொய் சொல்லிக்கொண்டே இருந்தது. காசிநாதன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இன்பராஜுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு புதன்கிழமை, ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இன்பராஜ் தானே சாமியாரை எடுத்து ஆடிப் பார்த்தான். ஒரு மணி நேரம். மூன்றாவது அடி ஒருமுறைகூடச் சரியாக விழவில்லை. சாமியார் காற்றை அடித்துக்கொண்டு நின்றார். இருந்தவன் இன்பராஜ் ஒருவன்தான், ஆனாலும் அவனுக்குக் காது சூடானது.

அதற்கடுத்த ஞாயிறு அவன் வேண்டுமென்றே, இரண்டாம் நம்பர் மெஷினில் இருந்த காசிநாதனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அந்த முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்டான்.

"ஒண்ணு, ரெண்டு... இந்தா. ஒண்ணு, ரெண்டு... இந்தா."

அது அவன் அப்பாவின் எண்ணிக்கை. தொட்டியிலிருந்து ஈரத்தோலை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, ஒன்று, இரண்டு என்று ஊஞ்சல் மாதிரி ஆட்டி, தோல் பின்னால் போய்த் திரும்பும் வரை பொறுத்து, 'இந்தா' என்று மேட்டில் வீசுவார்கள். முந்திக்கொண்டால் சுண்ணாம்புத் தோல் எதிரே நிற்பவன் முகத்தில் விழும். சின்னசாமி வீட்டில் மூட்டையைத் தூக்கிப் போடும்போதும், மகனைத் தூக்கித் தோளில் வைக்கும்போதும் அப்படித்தான் எண்ணுவார். தனக்கு வந்திருக்க வேண்டிய சொத்தை எவனோ எடுத்து ஆண்டுகொண்டிருப்பதைப் போல இன்பராஜுக்கு எரிந்தது. அந்தச் சொத்து வேண்டாம் என்று ஓடியவன் தான்தான் என்பது அந்த எரிச்சலைக் குறைக்கவில்லை, இன்னும் ஊதிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சத்தியநாதனிடம் போனான். சத்தியநாதன் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கி வந்தவர். மேசைமேல் எப்போதும் ஒரு ஈரத்துணி, ஒரு பைபிள்.

"சார், சொல்றன்னு தப்பா நெனைக்காதீங்க. ரெண்டாவது மெஷின் கீபோர்டு ஒரு மாதிரி நாறுது. ஷாப்பு ஆளுங்க தொட்டதுக்கப்புறம் மத்தவங்க எப்படித் தொடுவாங்க? கஸ்டமர் கம்மியாயிடும்."

சத்தியநாதன் கீபோர்டைத் தூக்கி முகர்ந்தார். "இத்தன நாளா எனக்குத் தெரியலையே தம்பி" என்றார். மறுபடி முகர்ந்தார். இப்போது அவருக்குத் தெரிந்தது. இந்த நாட்டில் சில நாற்றங்கள் இப்படித்தான், சொன்ன பிறகுதான் மூக்குக்கு எட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இன்பராஜ் தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, வழக்கமான ஒன்றாம் நம்பர் மெஷினில் போய் உட்கார்ந்தான். சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தோல் வேலை செய்பவர்கள் 6ஆம் எண் மெஷினை மட்டும் பயன்படுத்தவும்.' மூலையில் கிடந்த ஆறாம் நம்பர், இருப்பதிலேயே பழசு. அதன் கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு ஓரத்தைச் செல்லோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். இன்பராஜுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

"தம்பி," என்றார் சத்தியநாதன், மென்மையாக. "ஆறுல உக்காருப்பா."

"யாரு, நானா சார்?"

"சொன்னவன் நீதான். அதனால உனக்குப் புரியும்."

"நான் ஷூ கம்பெனி சார். கட்டிங். எங்களுக்கு வர்றது ட்ரை லெதர்."

"சின்னசாமி பையன்தானே நீ? ஒருத்தன எழுப்பி, ஒருத்தன உக்கார வெச்சா பேச்சு வரும்ல. ரெண்டும் தோல்தான. மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னார். அதுதான் கொடுமை. காலையில் பாவத்தைக் கழுவச் சொல்லிப் பாடிவிட்டு வந்த அதே வாய். இன்பராஜ் கழுத்திலிருந்த அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு எழுந்தான். படியில் இறங்கும்போது எதிரே காசிநாதன் ஏறி வந்தான்.

"இன்னாண்ணா, அதுக்குள்ள கெளம்பிட்ட?"

"வேல இருக்குது."

அதோடு சரி. உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று சொல்லவில்லை. பஜாரைத் தாண்டி ரயில்வே கேட் வரை நடந்த பிறகுதான், சொல்லாமல் வந்தது உறைத்தது.

வீட்டில் மெர்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஷூ கம்பெனிதான், ஸ்டிச்சிங் லைன். "இன்னாயா சீக்கிரம் வந்துட்ட? சாமியார் சாபம் குடுத்துட்டாரா?"

அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளே கறந்துவிட்டாள். கேட்டு முடித்ததும் மடித்த சட்டையை மறுபடி உதறினாள்.

"ஒரு கேமுல தோத்ததுக்கு இத்தினியா?"

"உனக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? கல்யாணமான புதுசுல மாமா ஒரு நாள் என் கையால தண்ணி வாங்க மாட்டன்னாரு. ஏன்னு கேட்டா, 'என் கைபட்டு சொம்பு நாறும்மா'ன்னாரு. அவருக்கே அப்படி நம்ப வெச்சிட்டானுங்க. அவர் புள்ள நீ, கடக்காரனுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்து நிக்கிற." சட்டையை அவன்மேல் போட்டாள். "அடுத்த ஞாயித்துக்கிழம போயி நீயே அத்தக் கிழி. கிழிச்சிட்டு வந்து சோறு துன்னு."

அந்த வாரம் முழுக்க இன்பராஜ் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டே இருந்தான். கட்டிங் மேசையில் அச்சை வைக்கும்போதும், பஸ்ஸில் தொங்கும்போதும். சத்தியநாதனிடம் என்ன பேச வேண்டும், எந்த மூலையில் பிடித்து இழுக்க வேண்டும், ஷாஜின் எப்படிப் பார்ப்பான், எல்லாம் தயார். எல்லோரும் பார்க்க, முதல் ஆளாக. அதை நினைத்தபோது பதினாலு மாதம் பலகையில் இருந்த ருசி திரும்ப வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனால், சுவரில் தாள் இல்லை. நாலு மூலையிலும் செல்லோடேப் துண்டுகள் மட்டும் இருந்தன. ஆறாம் நம்பர் கீபோர்டு பிளாஸ்டிக் இல்லாமல் கிடந்தது.

"எவன் கிழிச்சது?" என்றான் இன்பராஜ். குரல் அவனுக்கே கோபமாகக் கேட்டது.

"காசிதான்ண்ணா. போன வாரம் நீங்க எறங்கினீங்க பாருங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகல," என்றான் ஷாஜின். "எழுத்துக் கூட்டி முழுசாப் படிச்சான். சார் மேசைகிட்ட போயி ரெண்டு கையையும் நீட்டினான். 'மோந்து பாருங்க சார். நாறுச்சின்னா நானே எறங்கிப் போயிடறன்'னான். சார் குனியவே இல்ல. 'அப்ப மோந்து பாக்காமயே எழுதிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு, ஒரே இழுப்பு. நாங்க எல்லாரும் எழுந்து நின்னுட்டோம். 'இங்க வர்றவன்ல எவன் வீட்டுல சார் தோல் வேல இல்ல?'ன்னு கேட்டோம். சாரே எண்ணிப் பாத்துட்டு கம்முனு ஆயிட்டாரு."

சத்தியநாதன் மேசைக்குப் பின்னால் ஏதோ ரசீதைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இன்பராஜுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. முன்பு எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அதையும் இவனே எடுத்துக்கொண்டானா?

காசிநாதன் இரண்டாம் நம்பரில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு இன்பராஜ் உட்கார்ந்தான்.

"டேய் காசி. அத்த எழுதச் சொன்னது நான்தான்."

"தெரியும்ண்ணா. சார் அன்னிக்கே சொல்லிட்டாரு, 'உங்காளுதான் சொன்னான்'னு."

"தெரிஞ்சும் ஏண்டா வீட்டாண்ட வந்து கேக்கல?"

காசிநாதன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு வாரம் ஆத்தரமாத்தான் இருந்துச்சி. ரெண்டு தடவ உங்க வாசல் வரைக்கும் வந்தன். மெர்சியக்கா துணி காயப் போட்டுனு இருந்தாங்க, திரும்பிட்டன்." மவுஸை நகர்த்திக்கொண்டே சொன்னான்: "உங்கப்பாதான் எனக்குத் தொட்டி வேல கத்துக் குடுத்தாருண்ணா. அவரு மூஞ்சிக்காக உன்ன ஒரு தபா விட்டன். அவ்ளோதான். மறுக்கா விட மாட்டன்."

"இப்ப ஆடுவியா?"

"அதுக்குத்தான குந்தினு இருக்கன்."

அன்று மவுஸ் நன்றாக ஓடியது. கரண்ட் நிறைவாக இருந்தது. வாள்வீரனுக்குக் கோபம் உச்சிவரை ஏறி, வாள் சிவப்பாக ஜொலித்தது. ஐந்து நிமிஷம் தாங்கினான். ஒண்ணு, ரெண்டு என்று பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டபோது, மூன்றாவது எப்போது வரும் என்று இன்பராஜின் உடம்புக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் தப்ப முடியவில்லை. வாள்வீரன் நாலு கஜம் தள்ளிப் போய் விழுந்தான்.

யாரும் மார்க்கரை நீட்டவில்லை. இன்பராஜே எழுந்து போய் எடுத்தான். பதினாறு மாதமாகப் போகிற தன் பெயரை உள்ளங்கையால் அழித்தான். காய்ந்த மசி சுலபத்தில் போகவில்லை, தேய்த்துத் தேய்த்து அழிக்க வேண்டியிருந்தது. கை கறுத்தது.

பிறகு எழுதினான். கா, சி, நா, த, ன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

முன்பு தன் பெயர் இருந்த அளவில் பாதிதான் இருந்தது அது. பின்னால் இருந்து காசிநாதன், "கொஞ்சம் பெருசா எழுதுண்ணா, எனக்கே படிக்க முடியல" என்றான்.

"இதுக்கு மேல முடியாதுடா," என்றான் இன்பராஜ்.