ஐந்நூற்று நாற்பத்தாறு வகுத்தல்கள்

எடைமேடைக்காரரிடம் ஓர் எண் இருக்கிறது, அது கிடைத்தவன் ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று லாரிக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு. எனக்கு ஒரு தலைமுறைக்கு வந்தாலே போதும். விசாரிக்கப் போனேன்.

இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரே வேலை. சரக்கு லாரியை மேடையில் நிறுத்துவார், காலி வண்டியின் எடையைக் கழிப்பார், சீட்டு எழுதுவார். மேசையில் ஒரு தடித்த நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் அதே எண்: 15485863.

"பரிசுச் சீட்டாண்ணே?"

"வீட்டுக்காரியோட ஆஸ்பத்திரி ஃபைல் நம்பர், தம்பி. பகா எண்."

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். வார்டில் சும்மா கிடக்க முடியாமல் இருவரும் ஆரம்பித்த வேலை. இவர் வகுப்பார். அந்த அம்மா படுத்தபடியே ஈவை வகுத்த எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டி, எண் திரும்ப வந்தால் ஓரத்தில் டிக் போடுவார். துணிக்கடைக் கல்லாவில் இருந்தவர். புருஷன் கணக்கை ஒருநாளும் நம்பியதில்லை.

"'லாரிக்காரங்க எப்படித்தான் உங்கள நம்பி வண்டிய ஏத்துறாங்களோ'ம்பா. பதினோரு தப்பு பிடிச்சா."

3935 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதுமாம். அதற்கு மேல் ஒன்று வகுத்தால் அதன் ஜோடி சின்னதாக இருந்தாக வேண்டும். அது முன்பே சிக்கியிருக்கும். ஆக மொத்தம் 546 வகுத்தல். முதல் 541-க்கு டிக் இருந்தது. கடைசி ஐந்துக்கு இல்லை.

"செவ்வாக்கிழமை போயிட்டா," என்றார், ஏதோ லாரி போய்விட்டது போல. "மிச்ச அஞ்சையும் சனிக்கிழமை உக்காந்து வகுத்தேன்."

போனை எடுத்து அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பகா எண்தான், அதிலும் வரிசையில் சரியாகப் பத்து லட்சமாவது. புதையல் எடுத்தவன் தோரணையில் நீட்டினேன்.

"சரி," என்றார். ஒரு லாரி ஏறியது. எடை எழுதினார். இறங்கியது. "போன் சொல்றது இருக்கட்டும். இந்த அஞ்சுல நான் தப்புப் பண்ணியிருந்தா யாரு சொல்லுவா? டிக் விழாம நோட்ட எப்படி மூடுறது? மகன்கிட்ட கேட்டா, 'அதான் போன்லயே வந்துடுச்சேப்பா'ங்கிறான். நீங்க கையால போட்டுத் தர்றீங்களா?"

எனக்கு எட்டாம் வாய்ப்பாட்டிலேயே மூச்சு வாங்கும். வாய் தவறி "அதுக்கென்னண்ணே" என்றுவிட்டேன். நான்கு தேறின; டிக் போட்டுக் கொடுத்தேன். கடைசி வகுத்தல் 3931-ஆல்: ஈவு 3939, மீதி 1654. மூன்று முறை பெருக்கினேன். மூன்று விடை வந்தது. மூன்றும் அவர் எண் இல்லை. தப்பு அவருடையதா, என்னுடையதா?

"அவசரமில்ல தம்பி," என்கிறார். நோட்டு திறந்தே கிடக்கிறது. இந்த ஒரு டிக்குக்காக, மூன்று வாரமாக நான் எடைமேடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறேன்.