ஏலக்காய் மூட்டைகளும் சித்தப்பாவின் ஸ்பீக்கரும்

சித்தப்பா மதுரைக்குப் போய் ஸ்பீக்கர் வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். கூட ஒரு பொட்டப்பிள்ளை நின்றால் கடைக்காரர் ரொம்ப ஏமாற்ற மாட்டார் என்பது அவர் நம்பிக்கை. எதை வைத்து நம்பினாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

போடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பாடி அனுப்பும் பாட்டுகளில் குரலையும் வாத்தியத்தையும் அளவு பார்த்துச் சேர்ப்பதுதான் அவர் வேலை. அதுவரை ஹெட்போன்தான். அதில் தேனாக ஒழுகும் பாட்டு, கோயில் மைக்செட்டில் போட்டால் உறுமி மேளம் மட்டும் கேட்கும். பாடியவரைத் தேட வேண்டியிருக்கும். அந்தச் சமயம் பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் திருவிழாப் பாட்டுகளை ஒப்படைத்திருந்தார். கூலி பேசி வந்த முதல் வேலை. "இதுல தேறலைன்னா பேசாம மலைக்கு வந்து ஏலத்தோட்டத்தைப் பாரு" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

கடையில் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் நெஞ்சில் வந்து குத்தியது. எனக்கு அதுதான் பிடித்தது. சித்தப்பாவோ போனில் கொண்டுபோன ஒரே பாட்டை ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். கடைக்காரருக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. கடைசியில் விலை குறைந்தவற்றில் ஒரு அஞ்சு இஞ்ச் ஜோடியை எடுத்தார்.

"சின்ன ரூம்புக்குப் பெருசு வாங்குனா சத்தம் சொவத்துல மோதிக் கொழம்பும் ஆத்தா. இதுல காத்து வர்ற ஓட்டை முன்னாடி இருக்கு, சொவத்துப் பக்கம் வச்சாலும் அவ்வளவா பாதகமில்ல" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் ஒரு பெட்டி என் மடியில் இருந்து கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்டோம். சப்பென்று இருந்தது.

"இதே காசுக்கு அஞ்சு பெட்டியோட ஹோம் தியேட்டர் வந்திருக்குமேடா" என்றார் அப்பா.

"அது எல்லாப் பாட்டையும் நல்லாத்தான் காட்டும்ணே. இது தப்பு இருந்தா தப்புன்னு சொல்லும்."

"தப்புச் சொல்றதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேனே" என்றார் அம்மா.

பின்னறையில் பாதி சித்தப்பாவுக்கு, பாதி அப்பாவின் ஏலக்காய்க்கு. விலை ஏறட்டும் என்று மூட்டை மூட்டையாகச் சுவரை மறைத்து அடுக்கியிருந்தார். ஸ்பீக்கர் வந்து கொஞ்ச நாளில் அதில் பாதியை விற்றார். அன்று சாயங்காலம் பாட்டைப் போட்டதும் சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. உறுமி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பொம்மென்று கேட்டது. மதுரைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஸ்பீக்கரைத் திரும்பப் பெட்டியில் போட்டார். "அட நாசமாப் போக!" என்று ஆத்திரத்தில் கையைத் தட்டினார். வெறும் சுவர் அந்தச் சத்தத்தைத் திருப்பி அடித்தது. சட்டென்று நிமிர்ந்து, மூட்டை இருந்த பக்கம் போய்த் தட்டினார். அங்கே சத்தம் அடங்கிவிட்டது. இத்தனை நாளும் அறையின் இரைச்சலைக் குடித்துக்கொண்டிருந்தது அப்பாவின் ஏலக்காய்!

மிச்ச மூட்டைகளைச் சித்தப்பா இழுக்க, நான் தள்ள, மூலைக்கு மூலை நிறுத்தினோம். ஸ்பீக்கரை மறுபடி எடுத்து வைத்துப் போட்டதும் பாட்டு சரியாகக் கேட்டது. "அப்பாட்ட மூச்சு விட்றாத" என்றார்.

மறுநாள் சாப்பாட்டில், பிறந்ததிலிருந்து ஏலக்காய் விலையே கேட்டறியாத சித்தப்பா, "மிச்சத்தை இப்பக் குடுக்காதீங்கண்ணே, வெலை இன்னும் ஏறும்" என்றார். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரிடா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எழுந்து ஓடிவிட்டேன். காய் வியாபாரத்திலேயே தலை நரைத்த மனுஷனை ஒரே பேச்சில் கவிழ்த்துவிட்டோமே!

விலை ஏறவில்லை. இறங்கியது. அப்புறம் இன்னும் இறங்கியது. "உங்க தம்பி பேச்சைக் கேட்டு யாவாரம் பண்ணுனா வெளங்குமா?" என்று அம்மா தினமும் பிடித்துக்கொண்டார். அப்பா அப்போதும் மிச்சத்தை விற்கவில்லை. ஒருநாள் பின்னறைக்கு வந்தார். மூட்டைகள் இடம் மாறி நிற்பதைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். சரிந்துகிடந்த ஒரு மூட்டையை அந்த மூலையிலேயே நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்லவேளை, சந்தேகம் வரவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

பாட்டுகள் தேவாரத்துக்குப் போயின. அவர்கள் கோயில் மைக்செட்டிலேயே போட்டுக் கேட்டுவிட்டுப் போன் செய்தார்கள். ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் கேட்கிறதாம், அடுத்த திருவிழாவுக்கும் இவர்தானாம். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"பாட்டுச் சோலி முடிஞ்சிருச்சாடா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"அப்பச் சரி. மூட்டையை ஏத்த லோடு ஜீப்புக்குச் சொல்லிர்றேன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. மாட்டிக்கொள்வோம் என்று பயந்துவிட்டார் போல, பாவம். அப்பா தெருவில் இறங்கும்வரை பொறுத்திருந்து, சித்தப்பாவின் கையைப் பிடித்து ரகசியமாகச் சொன்னேன்: "பயப்படாதீங்க சித்தப்பா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது."