கழன்று வந்த பல்

தொண்ணூறுகளின் கடைசியில் தோர்ண்டன் ஹீத்தில் எனக்குப் பல் கட்டிய டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அதனாலேயே எனக்கு அவர்மேல் சந்தேகம். எங்கள் ஆட்கள் என்றால் மலிவுச் சாமானைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறவன் நான்.

வேர்ச் சிகிச்சை முடிந்த பல்லுக்குள் அவர் இறக்கப்போன குச்சி, பென்சில் கரிபோலக் கறுப்பாக இருந்தது.

"இது இரும்பு இல்லையோ?"

"இல்லை அண்ணை, கார்பன் நார். பசையாலை வேரோடை ஒட்டுறது."

"கழண்டு போகாதோ?"

"வாயைத் திறவுங்கோ," என்று குச்சியை இறக்கி, பசை இறுக நீல வெளிச்சத்தைப் பிடித்தார். பதில் சொல்லாததையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆட்டெலும்பைக் கடித்தபோது, கட்டிய பல் குச்சியோடு கையில் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷம். டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"நான் அப்பவே சொன்னனான்!"

அவர் அதைப் பார்க்கவில்லை. என் வாய்க்குள் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"வேர் தப்பிட்டுது அண்ணை, திரும்ப ஒட்டலாம். இரும்பெண்டால் அது அசைஞ்சிராது, வேர்தான் பிளந்திருக்கும்."

சாட்டுச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் நாக்கு தானாகவே மறுபக்கத்து ஓட்டைக்குப் போனது. அங்கே முன்பு இருந்த பல்லுக்குள் இரும்புக் குச்சி இறக்கியவர் ஒரு வெள்ளைக்கார டொக்டர். அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வேர் இரண்டாகப் பிளந்ததால் அந்தப் பல்லைப் பிடுங்கியபோதும், இரும்பு அசையாமல் உள்ளேயே இருந்தது.

"என்ன மாதிரி வேலை!" என்று அன்று நான் அந்த வெள்ளைக்காரரைப் புகழ்ந்தேன்.